சுங்கம் கட்டுவதற்குத் தரகர் எதற்கு?

போன வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் பீளமேட்டில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். பையன் இரண்டு வருடம் இரவெல்லாம் கண்விழித்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்கியிருக்கிறான். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ‘அப்ரூவல்’ வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 45,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். நாலாக மடித்த ரசீதை மேசைமேல் வைத்து, விரலால் நீவி, “இது செல்லுமா தம்பி?” என்று கேட்டார். இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த நான்காவது ரசீது இது.

விளையாட்டு கடைக்கு வந்துதான் இருக்கிறது. ஆனால் தரகரின் கணக்கில், தரகரின் பெயரில். விற்ற பணமும் அவருடைய வங்கிக்கே போகிறது. வேறு கணக்குக்கு மாற்ற வழி உண்டு; அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். அவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

அமெரிக்காவில் ஒரு குழு உட்கார்ந்து நல்ல விளையாட்டுகளைப் பொறுக்கி எடுக்கிறது, அங்கே சிபாரிசு வேண்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இல்லவே இல்லை. ஒரு காலத்தில் வடிகட்டல் இருந்தது உண்மை. 2012இல் தொடங்கிய ‘கிரீன்லைட்’ முறையில் விளையாடுகிறவர்களின் வாக்கு தேவைப்பட்டது. வாக்குத் திரட்டித் தருகிறோம் என்று கிளம்பியவர்கள் அப்போதே இருந்தார்கள். 2017 ஜூனில் அது போய் ‘ஸ்டீம் டைரக்ட்’ வந்தது. ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம், அவ்வளவுதான். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அதுவும் திரும்பி வரும். சட்டவிரோதமானதையும் வெறும் வம்புக்காகச் செய்ததையும் தவிர எல்லாவற்றையும் அனுமதிப்போம் என்று 2018இல் ஸ்டீமை நடத்தும் நிறுவனமே அறிவித்துவிட்டது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி விரலியை ஒடித்து, உள்நிறம் பார்த்துத்தான் விலை சொல்வார். ஸ்டீம் அப்படிப்பட்ட இடம் அன்று. அது வாரச் சந்தை. சுங்கம் கட்டினால் கடை விரிக்கலாம். விளையாட்டு திறக்கிறதா, கடைப் பக்கத்தில் எழுதியதும் விளையாட்டுக்குள் இருப்பதும் ஒன்றா, தீங்கான நிரல் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒடித்துப் பார்த்து எடுக்கும் கடைகளும் உண்டு, ஜிஓஜி அப்படித்தான். அங்கேயும் உருவாக்கியவரே படிவம் நிரப்பி அனுப்பலாம்.

எதை விற்கலாம் என்பதைக் கடை மட்டுமே முடிவு செய்வதாகவும் எண்ண வேண்டாம். 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் நெருக்கியதால் வயது வந்தோருக்கான விளையாட்டுகள் சிலவற்றை ஸ்டீம் நீக்கியது. நம் பிள்ளைகள் செய்யும் புதிர் விளையாட்டுகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, கணக்கை உங்கள் பெயரில் தொடங்குங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். முதல் விளையாட்டென்றால், பணம் கட்டியபின் வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும். ‘விரைவில்’ என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் கடையில் நிற்க வேண்டும். “மூன்று நாளில் முடித்துத் தருகிறேன்” என்பவர் பொய் சொல்கிறார், எழுந்து வந்துவிடுங்கள். கூகுள் பிளேயில் புதிய தனிநபர் கணக்குக்கு 12 பேர் 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறார்கள். வகுப்பில் அறுபது பேர் இருக்கிறீர்கள், அவர்களைக் கேட்கக் கூடாதா?

கடையில் இடம் கிடைப்பது வேறு, விற்பது வேறு. 2024இல் மட்டும் ஸ்டீமுக்கு 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்தன. எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தே கடை உங்களை முன்னால் காட்டும். அந்த 45,000 ரூபாயை நல்ல முகப்புப் படத்துக்கும் முன்னோட்டக் காணொளிக்கும் செலவழித்திருக்கலாமே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

கணக்குத் தொடங்கத் தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் என்னிடம் வாருங்கள். காசு வேண்டாம். பான் அட்டை, வங்கிப் புத்தகம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி வாங்கிய வங்கி அட்டை, மூன்றையும் எடுத்து வாருங்கள்.