கால் பிடிக்கு முன்னால் கை செய்யும் வேலை

பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 6. பெண்கள் மல்யுத்தம் 50 கிலோ பிரிவின் முதல் சுற்றுப் போட்டியில் ஜப்பானின் யுய் சுசாகி 2-0 என முன்னிலையில் இருந்தார். டோக்கியோவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர் அவர். ஆனால் இந்த இரண்டு புள்ளிகளும் பிடி போட்டு எடுத்தவை அல்ல. எதிரே இந்தியாவின் வினேஷ் போகத் தாக்காமல் நின்றதால் வந்தவை.

முனைப்புக் காட்டாத வீராங்கனையை நடுவர் முதலில் எச்சரிப்பார். மறுபடியும் அப்படியே நின்றால் 30 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. எதிராளியைப் பாயில் வீழ்த்தி அடக்கும் டேக்டவுனுக்கோ 2. ஸ்கோர் சமமானால், ஒரே பிடியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. ஆக, 0-2 என்பது ஒரே டேக்டவுனில் தாண்டக்கூடிய இடைவெளி. சுசாகியிடம் காலைக் கொடுப்பதைவிட ஒற்றைப் புள்ளிகளைக் கொடுப்பது மேல். என் கண்ணுக்கு அது தயக்கமல்ல, துணிச்சலான கணக்கு. கடைசிச் சில நொடிகளில் வினேஷ் டேக்டவுன் எடுத்தார். ஜப்பான் தரப்பின் முறையீடு நிராகரிக்கப்பட்டதில் இன்னொரு புள்ளி சேர, 3-2.

அந்தக் கடைசி நொடிப் பிடிக்கான வேலை முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டைப் பிடிப்பது, பிடரியில் கைவைத்து அழுத்துவது, மேற்கையை இழுப்பது: பார்ப்பவருக்கு வெறும் தள்ளுமுள்ளு போலத் தெரியும். உண்மையில் அங்கேதான் பாதி ஆட்டம். கழுத்தை இழுத்தால் எதிராளி விழாமலிருக்க ஒரு காலை முன்னே வைத்தாக வேண்டும். உடல் எடை அந்தக் காலில் இறங்கும் கணத்தில் அதைப் பின்னுக்கு எடுக்க முடியாது. தாக்குபவர் இடுப்பைத் தாழ்த்திப் பாய வேண்டியது அப்போதுதான். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் எதிராளி இரு கால்களையும் பின்னே எறிந்து, இடுப்பை இறக்கி, மொத்த எடையையும் தாக்கியவரின் கழுத்தின்மேல் போட்டுவிடுவார்.

கால் சிக்கினாலும் நேராகத் தள்ளினால் அவர் ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளிச் சமாளிப்பார். தலையை விலாவோடு ஒட்டவைத்து, ஊன்றிய கால் இல்லாத பக்கமாகத் திருப்ப வேண்டும். அந்தத் திசையில் உடலைத் தாங்க எதுவும் இல்லை.

ஒரு போட்டிக்கு மூன்று நிமிடங்கள் கொண்ட இரண்டு சுற்றுகள், நடுவே 30 நொடி ஓய்வு. அது தசைகள் மீள்வதற்குப் போதாது. கழுத்தில் வாங்கிய ஒவ்வொரு இழுப்பும் முதுகையும் தொடையையும் சோர்வாக்கும். முதல் நிமிடத்தில் சட்டென்று பின்னே போன கால் ஆறாவது நிமிடத்தில் அரை நொடி தாமதிக்கும். 2016 ரியோ வெண்கலப் போட்டியில் 0-5 எனப் பின்தங்கிய சாக்ஷி மாலிக், இரண்டாம் சுற்றில்தான் எல்லாப் புள்ளிகளையும் எடுத்து 8-5 என வென்றார்.