மீட்டெடுத்துப் பார்த்தால்தான் பேக்கப்

புதிய பேக்கப் மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பை என் மடிக்கணினியில் நிறுவி, முழு வட்டையும் வெளி வன்தட்டில் நகலெடுக்கச் சொன்னபோது, ஒரு மணி நேரத்துக்குள் 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற பச்சை நிற அறிவிப்பு வந்தது. அடுத்து, அந்த மென்பொருளே தயாரித்துக் கொடுத்த மீட்பு பென் டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து இயக்கினேன். திரை ஒழுங்காகவே வந்தது. எந்த வட்டில் மீட்க வேண்டும் என்றும் கேட்டது. ஆனால் அதன் கீழே இருந்த பட்டியலில் பென் டிரைவையும் வெளி வன்தட்டையும் தவிர வேறெதுவும் இல்லை. கணினிக்குள் இருந்த வட்டான எஸ்எஸ்டி அதன் கண்ணில் படவே இல்லை. நகல் பத்திரமாக இருந்தது. அதைத் திரும்ப வைக்க இடம்தான் தெரியவில்லை.

காரணம் எளியது. இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறைச் செயலிகளிலிருந்து பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி நேரடியாக இயங்குதளத்துக்குத் தெரிவதில்லை. விஎம்டி எனப்படும் கட்டுப்பாட்டு அமைப்பின் பின்னால் அது இருக்கிறது. அந்த அமைப்போடு பேசுவதற்கு டிரைவர் எனப்படும் தனி இணைப்பு நிரல் தேவை. நாம் அன்றாடம் பயன்படுத்தும் விண்டோஸில் அந்த டிரைவர் இருக்கும். பென் டிரைவிலிருந்து எழும் மீட்புச் சூழலோ பெரும்பாலும் நினைவகத்துக்குள்ளேயே ஓடுகிற ஒரு குறுக்கப்பட்ட விண்டோஸ்; அதில் அந்த டிரைவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிரைவரைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் சேர்ப்பது சில நிமிட வேலைதான். ஆனால் வட்டு செத்துப்போன நாளில், அதைப் பதிவிறக்குவதற்கு வீட்டில் இருக்கும் ஒரே கணினி செத்துப்போன அந்தக் கணினியாகவே இருக்கக்கூடும்.

இத்தகைய மென்பொருள்களைப் பற்றி வரும் மதிப்புரைகள் வேகத்தை அளக்கின்றன, நகல் எவ்வளவு சுருங்கியது என்று அட்டவணை போடுகின்றன. அவை பொய்யல்ல, ஆனால் பழுது ஒளிந்திருப்பது மென்பொருளுக்குள் மட்டுமல்ல, மென்பொருளும் குறிப்பிட்ட ஒரு கணினியும் சந்திக்கும் மூட்டுகளில். இன்னொருவர் கணினியில் தேறிய மென்பொருள் நம் கணினியிலும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே சோதனையை வீட்டில்தான் செய்தாக வேண்டும். அதைச் சரியாகச் செய்வதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு விண்டோஸ் எம்இ பதிப்பில் அறிமுகமான சிஸ்டம் ரீஸ்டோர், இயங்குதளத்தின் கோப்புகளையும், அதன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டையும் மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுபோகும். நம் புகைப்படங்களும் ஆவணங்களும் அதன் பொறுப்பில் இல்லை. கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் மென்பொருள்கள் நேர்மாறானவை: ஆவணங்கள் பிழைக்கும், ஆனால் கடைக்காரர் 'ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன்' என்று சொல்வதற்குச் சம்மதித்தாக வேண்டும். இங்கே பேசப்படுவது இமேஜ் எனப்படும் முழு வட்டுப் படிமம். 1990களின் நடுவில் நியூசிலாந்தில் பிறந்து, பின்னர் சிமான்டெக் நிறுவனத்தின் கைக்குப் போன 'கோஸ்ட்' என்ற மென்பொருள் இந்த வேலையை அவ்வளவு பரவலாக்கியது; கணினி பழுதுபார்ப்பவர்கள் 'கோஸ்ட் பண்ணுவது' என்று அதை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்.

இமேஜ் எடுக்கும் மென்பொருள் கோப்புகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வட்டு அதற்கு வரிசையாக அடுக்கிய கட்டங்களாகவே தெரிகிறது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒரு கட்டம் வழக்கமாக 4 கேபி. எந்தக் கட்டத்தில் தரவு இருக்கிறது, எது காலி என்பதை, கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் குறித்து வைக்கும் வரைபடம் ஒன்று வட்டிலேயே உண்டு. 512 ஜிபி வட்டில் சுமார் 12.5 கோடிக் கட்டங்கள் இருந்தாலும், அந்த வரைபடம் ஏறத்தாழ 16 எம்பிதான். மென்பொருள் அதை முதலில் படித்து, காலிக் கட்டங்களைத் தாண்டிவிடுகிறது. பாதி வட்டு காலியாக இருந்தால் வேலையும் பாதியாகக் குறைவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கடினமான பகுதி வேறு. நகலெடுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கணினி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மளிகைக் கடையின் பேரேட்டை ஒருவர் பக்கம் பக்கமாக நகலெடுக்கிறார் என்றும், அதே பேரேட்டில் கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டே இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நகலெடுப்பவர் 40ஆம் பக்கத்துக்கு வந்துவிட்ட பிறகு, கணக்குப்பிள்ளை 10ஆம் பக்கத்தில் இருந்த ஒரு தொகையை அடித்துவிட்டு 60ஆம் பக்கத்தில் எழுதினால், நகலில் அந்தத் தொகை இரண்டு இடங்களில் இருக்கும். 60இலிருந்து 10க்கு மாற்றினாலோ, ஓரிடத்திலும் இருக்காது. ஒவ்வொரு பக்கமும் எழுத்துப் பிசகாமல் நகலெடுக்கப்பட்டிருந்தும், எந்த நொடியிலும் இருந்திராத ஒரு பேரேடு உருவாகிவிடுகிறது.

இதற்கு விண்டோஸ் கண்டிருக்கும் தீர்வு, எக்ஸ்பி காலத்திலிருந்து வளர்ந்துவந்த 'வால்யூம் ஷேடோ காப்பி' என்ற நிழல் நகல் ஏற்பாடு. இனிமேல் எந்த வரியை அடிப்பதாக இருந்தாலும், அடிப்பதற்கு முன் அதன் பழைய நிலையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று கணக்குப்பிள்ளைக்குக் கட்டளை பிறக்கிறது. நகலெடுப்பவர், தாம் வந்து சேர்ந்த பக்கத்துக்குத் துண்டுச்சீட்டு இருந்தால் சீட்டைப் பார்த்தும், இல்லாவிட்டால் பேரேட்டைப் பார்த்தும் எழுதுகிறார். அவர் கையில் உருவாவது, கட்டளை பிறந்த அந்த ஒரு நொடியின் பேரேடு. விண்டோஸில் ஒரு துண்டுச்சீட்டின் அளவு 16 கேபி. கட்டளை பிறப்பதற்கு முன், தரவுத்தளம் போன்ற நிரல்கள் தங்கள் பாதி வேலையை முடித்து, எழுதுவதைச் சற்று நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றன. இந்த நிறுத்தம் 60 வினாடிக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பது விதி.

துண்டுச்சீட்டுகளை வைக்கும் இடத்துக்கும் எல்லை உண்டு. எழுத்து வேலை மிகுந்து அந்த இடம் நிரம்பிவிட்டால், விண்டோஸ் அந்த நிழல் நகலையே கைவிட்டுவிடும். நகலெடுப்பு நடுவழியில் நின்றுபோகும். கணினி வேறு வேலையின்றிக் கிடக்கும் இரவில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது தெரியவே வராது. நான் சோதிக்கும்போது பெரிய வீடியோ கோப்புகளை அதே வட்டுக்குள் மாற்றிக்கொண்டே இருப்பேன். கூடவே ஒரு சின்னஞ்சிறு சோதனையும் செய்வேன்: டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் கோப்பைத் திறந்து 'ஒன்று' என்று எழுதிச் சேமித்துவிட்டு, பேக்கப்பைத் தொடங்கி, முன்னேற்றப் பட்டை நகரத் தொடங்கியதும் அதே கோப்பில் அந்தச் சொல்லை அழித்து 'இரண்டு' என்று எழுதிச் சேமிப்பது. அதன் விடை மீட்பின்போதுதான் தெரியும்.

நகல் முடிந்ததும் பெரும்பாலான மென்பொருள்கள் 'சரிபார்' என்றொரு பொத்தானைத் தருகின்றன. இதன் மேல் வைக்கப்படும் நம்பிக்கை அதன் தகுதிக்கு மீறியது என்றே கருதுகிறேன். நகலெடுக்கும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கணக்கு முத்திரை கணிக்கப்பட்டு இமேஜோடு சேமிக்கப்படுகிறது. சரிபார்ப்பின்போது தொகுதிகள் மறுபடி படிக்கப்பட்டு, முத்திரை ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படுகிறது. வெளி வன்தட்டில் பிட்டுகள் கெட்டிருந்தால் இது கண்டுபிடித்துவிடும். ஆனால் முத்திரை இடப்படுவதற்கு முன்பே, கணினியின் பழுதான ராம் சில்லில் தரவு மாறியிருந்தால், தவறான தரவுக்குச் சரியான முத்திரை விழுந்திருக்கும். ஆயிரம் முறை சரிபார்த்தாலும் 'பிழை இல்லை' என்றே வரும். நகல் தன்னோடு தானே ஒத்துப்போகிறது என்பதைத்தான் அந்தப் பொத்தான் சொல்கிறது. மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று அறிய, அந்த மென்பொருளின் கை படாத வேறொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியை விண்டோஸிலேயே உருவாக்கலாம். கட்டளைகளைத் தட்டச்சிடும் பவர்ஷெல் சாளரத்தில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்ற கட்டளை, எந்தக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்து நீள அடையாளம் ஒன்றைத் தரும். ஒரு புகைப்படத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் அந்த 64 எழுத்துகளும் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிடும். புகைப்படம், ஆவணம் போன்று பேக்கப் நடக்கும்போது மாறாத கோப்புறைகளுக்கு முன்கூட்டியே இந்தப் பட்டியலைத் தயாரித்து வேறொரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால், மீட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முழு இமேஜை ஒருமுறை எடுத்த பின், அடுத்தடுத்த நாள்களில் மாறிய கட்டங்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போவது வழக்கம். இடம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு நாள் நகலும் தனக்கு முந்தைய நாள் நகலின் மேல் நிற்கிறது. 30 கண்ணிகள் உள்ள சங்கிலியில் 12ஆவது கெட்டால், 13 முதல் 30 வரை நல்ல நிலையில் இருந்தும் பயன் கிடையாது. இங்கே செய்ய வேண்டிய சோதனை சற்றுக் குரூரமானது: நகல் தொகுப்புக்கே இன்னொரு நகல் எடுத்து, அதன் நடுக் கோப்பு ஒன்றை, பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, கடைசி நாள் நகலிலிருந்து மீட்கச் சொல்ல வேண்டும். எந்தக் கண்ணி கெட்டது, எந்த நாள் வரை மீட்க முடியும் என்று தெளிவாகச் சொல்லும் மென்பொருள் தேறியது. முனகாமல் மீட்டுக் கொடுப்பதுதான் ஆபத்தானது.

பேக்கப் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதும் இதே வகை. அரைகுறை நகல் மறுநாள் பட்டியலில் முழு நகல்போல நிற்கக் கூடாது. மேலும், குறித்த நேரத்தில் வெளி வன்தட்டு செருகப்படாமல் இருந்தால், மென்பொருள் அதை நம்மிடம் எப்படிச் சொல்கிறது என்பதையும் காத்திருந்து பார்க்க வேண்டும். இது அற்பமாகத் தோன்றலாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் சேவையின் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதைத் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபியே எஞ்சியது. காப்புநகலைத் தேடியபோது, நகல்கள் இருக்க வேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பாக இருக்க, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இயங்கித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவித்த மின்னஞ்சல்களோ அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு ஒருவரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. தேர்ந்த பொறியாளர்கள் நடத்தும் சேவைக்கே இந்த நிலை என்றால், வீட்டில் மூலையில் கிடக்கும் வன்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மீட்பு. இதை மூல வட்டின் மேல் செய்யவே கூடாது. சோதனை தோற்றால் இழப்பு உண்மையானதாகிவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினியில் முதலில் ஒத்திகை பார்ப்பது நல்லதே, ஆனால் டிரைவர் சிக்கல்கள் அங்கே தலைகாட்டா. விலை குறைந்த இன்னொரு எஸ்எஸ்டியை வாங்கி, மூல வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் பொருத்தி மீட்பதே உறுதியான வழி. கழற்றி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: மீட்கப்பட்ட வட்டு, மூல வட்டின் அடையாள எண்ணையும் சேர்த்தே பெற்றிருக்கலாம், இரண்டையும் ஒன்றாகச் செருகினால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும்.

வட்டில் சி டிரைவ் மட்டும் இல்லை என்பது இப்போதுதான் பலருக்குத் தெரியவரும். அதற்கு முன்னால் ஃபேட்32 முறையில் அமைந்த, பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள சிறு பகுதி ஒன்று உண்டு. கணினியை எழுப்பும் நிரலும், விண்டோஸ் எந்த வட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற குறிப்பும் அங்கேதான் உள்ளன. சி டிரைவை மட்டும் நகலெடுத்தவருக்கு எல்லாக் கோப்புகளும் கிடைக்கும், கணினி மட்டும் எழாது.

வட்டையே மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்ட கணினிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து இமேஜ் எடுத்தால், பூட்டு திறந்த நிலையிலுள்ள தரவுதான் நகலாகிறது; மென்பொருளில் தனியாகக் கடவுச்சொல் வைக்காவிட்டால், வெளி வன்தட்டைத் தூக்கிச் செல்பவர் எவரும் அதைப் படிக்கலாம். மீட்ட வட்டிலும் பூட்டு இருக்காது, மறுபடி போட வேண்டும். பென் டிரைவிலிருந்து எடுத்தாலோ நிலைமை தலைகீழ்: 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடுத்துத் திறக்காதவரை முழு வட்டும் பொருளற்ற இரைச்சலாகவே தெரியும், காலிக் கட்டம் எது என்றும் தெரியாது, சுருக்கவும் முடியாது.

என் கணினியில், டிரைவரைச் சேர்த்துப் புதிதாகத் தயாரித்த பென் டிரைவில் எஸ்எஸ்டி பட்டியலில் வந்தது. மாற்று வட்டில் மீட்பு முடிந்து, விண்டோஸ் ஒருமுறை தயங்கி, மறுமுறை எழுந்தது. புகைப்படக் கோப்புறையின் அடையாளப் பட்டியல் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. பிறகு டெஸ்க்டாப்பில் இருந்த நோட்பேட் கோப்பைத் திறந்தேன். கழற்றி மேசையில் வைத்திருந்த மூல வட்டில் அது 'இரண்டு'. இங்கே 'ஒன்று' என்று இருந்தது.