கிரியேட்டினின் 1.1, நார்மல்தானே சார்?

அந்த அம்மாவுக்கு வயது 74, எடை 42 கிலோ. கால் வீங்கி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தார். பிபிக்கு எனலாப்ரிலும் நீர் போகும் மாத்திரையும் பல வருடமாகச் சாப்பிடுகிறார். புதிதாக ஏதாவது எடுத்தீர்களா என்றதும் பர்ஸிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். "முட்டி வலிக்கு மெடிக்கல்ல ஒரு செட் குடுத்தாங்க சார். பத்து நாளா போடுறேன்." பட்டையைக் கத்தரித்ததில் பெயர் போய்விட்டது. ஒன்றில் மட்டும் 'டைக்ளோ' வரை படிக்க முடிந்தது. டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை.

மகன் மூன்று மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை நீட்டினார். கிரியேட்டினின் 1.1. "நார்மல்னுதானே சார் போட்டிருக்கு?"

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதை வெளியேற்றுவது சிறுநீரகம். தசை வற்றிய உடம்பில் அது உருவாவதே குறைவு. சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் ஏறாது. அதே 1.1, 70 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்கு என்றால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 97 மில்லி சுத்திகரிக்கிறது என்று கணக்கு வரும். இந்த அம்மாவுக்கு 30தான்.

தளர்ந்த சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைத்திருப்பது உடம்பே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். வலி மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. கூடவே எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் இருந்தால் மூன்றும் சேர்ந்து வடிகட்டும் அழுத்தத்தையே இறக்கிவிடும். உப்பும் நீரும் தேங்கும், கால் வீங்கும்.

இன்னொன்று, இந்த வகை வலி மாத்திரை பெரும்பாலும் 99 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டே திரிகிறது. வேலை செய்வது ஒட்டாத மிச்சம்தான். ஈரல் நோய், சிறுநீரில் புரதம் போவது, சரியாகச் சாப்பிடாத முதுமை எதுவானாலும் ஆல்புமின் குறையும், ஒட்டாத பங்கு கூடும். நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை முதியவர்களிடம் இப்படித்தான்: மொத்த அளவில் பெரிதாக மாற்றம் தெரியாது, உள்ளே வீரியம் அதிகம். பைராக்சிகாம் என்ற வலி மாத்திரை வேறு ரகம். பாதி வெளியேறவே சுமார் 50 மணி நேரம். தினமும் போட்டால் முந்தைய நாள் மாத்திரையின் மேல் இன்றைய மாத்திரை ஏறி உட்காரும். பிரிட்டனில் ஓப்ரென் என்ற மூட்டுவலி மருந்து, முதியவர்கள் உடலில் வெகுநேரம் தங்கி, பல உயிர்களை வாங்கிய பிறகு 1982இல் விலக்கப்பட்டது.

இந்த மாத்திரைகளால் வயிற்றுப் புண் வந்தாலும் முதியவர்களுக்குப் பல நேரம் வலிக்காது. மலம் தார் போலக் கறுத்துப் போவதுதான் முதல் அடையாளமாக இருக்கும். அப்போது காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

செட்டை நிறுத்தியதும் சில நாளில் வீக்கம் வடிந்தது. இப்போது பாராசிட்டமாலும் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும்தான். ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சுமார் 6 சதவீதமே.

போகும்போது அந்த அம்மா பொட்டலத்தைக் காட்டிக் கேட்டார்: "மீதியைத் தங்கச்சிக்குக் குடுத்திடவா சார்? அவளுக்கும் முட்டி வலிதான்."

தங்கைக்கு என்ன வயது என்றேன். எழுபதாம்.