வீட்டைக் காட்டுபவர் உங்கள் முகவர் அல்லர்

கோலாலம்பூர் செந்தூலைச் சேர்ந்த ஒரு தம்பதியர், 420,000 ரிங்கிட்டுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்க ஒப்புக்கொண்டு, 2 விழுக்காட்டு முன்பணமான 8,400 ரிங்கிட்டையும் கட்டிவிட்டு, அதன் பிறகு அந்த விலை நியாயமானதுதானா என்று கேட்டுச் சென்ற வாரம், வீடு வாங்குபவர்களுக்கு முகவராக இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பணம் கட்டிய பிறகு வருபவர்களுக்கு நான் என்ன ஆலோசனை சொல்வது?

முதல் முறை வீடு பார்க்கப் போனபோதே, குளியலறைக் கூரையில் படிந்திருந்த நீர்க்கறையை அண்ணாந்து பார்த்தபடி, “420 வரைக்கும் போகலாம், தம்பி” என்று முகவரிடம் கணவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் அதற்குக் கீழே ஒரு வெள்ளிகூட இறங்கவில்லை. “நம்ம தமிழ்ப் பிள்ளைதானே, சார்!” என்று கணவர் என்னிடம் வருந்தினார். அந்தப் பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை. தம்மை நியமித்த வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறார். வாங்குபவருக்கென்று ஒரு முகவர் உடனிருந்திருந்தால், அந்தக் கறையையே காரணமாகக் காட்டி விலையைக் குறைக்கப் பேசியிருப்பார். மேல்மாடிக் கசிவைப் பற்றி நிர்வாக அலுவலகத்திலும் விசாரித்திருப்பார்.

“தனி முகவர் வைத்தால் கமிஷன் யார் கொடுப்பது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. பழைய வீட்டு விற்பனையில், அதிகபட்சம் 3 விழுக்காடான கமிஷனை வழக்கமாக விற்பவரே தருகிறார். இரு தரப்பு முகவர்கள் இருந்தால் அதை அவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் முகவர் இல்லாமல் போனால் வீட்டு விலை குறைவதில்லை. முழுக் கமிஷனும் விற்பவரின் முகவருக்கே போகிறது, அவ்வளவுதான். பங்கு தர மறுக்கும் முகவர்களும் உண்டு என்பதால், அப்படி நேர்ந்தால் உங்கள் முகவருக்குரிய கட்டணம் என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தம்பதியருக்கு வங்கியில்தான் பெரிய அடி விழுந்தது. வங்கி அந்த வீட்டை 390,000 ரிங்கிட்டுக்கே மதிப்பிட்டது. 90 விழுக்காட்டுக் கடனாக 378,000 கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு 351,000தான் கிடைத்தது. பள்ளம் 27,000 ரிங்கிட். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று வங்கிகளில் வாய்மொழி மதிப்பைக் கேட்டிருக்கலாம். அதற்குச் செலவே இல்லை. “கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்” என்ற வாசகமும் அவர்கள் கையொப்பமிட்ட கடிதத்தில் இல்லை. இருந்திருந்தாலும், எவ்வளவு கடன் என்று தொகையைக் குறிப்பிடாவிட்டால், குறைவாகக் கிடைத்த கடனும் ‘கிடைத்த’ கடன்தான் என்று வீட்டுக்காரர் வாதிடலாம்.

முகவரின் அடையாள அட்டையிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து, அவர் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். முன்பணத்தை எவருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். உங்கள் உச்ச விலையை விற்பவரின் முகவரிடம் மறந்தும் சொல்லாதீர்கள். தயவுசெய்து, வீடு பார்க்கப் போவதற்கு முன்பே உங்கள் முகவரை அமர்த்திக்கொள்ளுங்கள். விலை பேசி முடித்த பிறகு அழைத்தால், கமிஷனில் பங்கு கேட்கவும் எங்களுக்கு வழியிருக்காது, விலையை மீண்டும் பேசவும் இடமிருக்காது.