பூர்வகுடித் தலைமை: மருத்துவ ஆய்விதழ்களில் வழங்கும் ஒரு தொடரின் பொருளும் தமிழும்

‘இண்டிஜினஸ் லீடர்ஷிப்’ என்ற தொடர் மருத்துவ ஆய்விதழ்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தமிழில் ‘பூர்வகுடித் தலைமை’ எனலாம். ஒரு பூர்வகுடியின் உடல்நலத்தை ஆராயும்போது எதை ஆராய்வது, தரவு யார் கையில் இருப்பது, முடிவை எப்போது எப்படி வெளியிடுவது என்பவற்றை அந்த மக்களே தீர்மானிப்பதுதான் இதன் பொருள். எழுதி முடித்த கட்டுரையில் கடைசி நேரத்தில் ஒரு பூர்வகுடிப் பெயரைச் சேர்ப்பது தலைமை ஆகாது.

மூலச்சொல் லத்தீன் ‘இண்டிகெனா’: உள்ளே பிறந்தவர். ‘இந்தியா’ என்ற பெயரோடு ஒலி ஒத்தாலும் உறவு கிடையாது. ‘இந்தியா’ சிந்து ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் செடிகொடிக்கும் விலங்குக்கும் மனிதருக்கும் பொதுவாக வழங்கியது. குடியேற்ற ஆட்சிக்கு முன்பே அந்நிலத்தில் வாழ்ந்து இன்றும் தனி மக்களாகத் தொடர்பவர்கள் என்ற பொருள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐ.நா. மன்றங்களில் வலுப்பெற்றது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா. பின்னாளில் நான்கும் நிலையை மாற்றிக்கொண்டன.

தமிழாக்கத்தில் சிக்கல் உண்டு. அகராதியைப் பார்த்து ‘சுதேச’ என்று போட்டால் பொருளே மாறிவிடும். இலங்கையில் ‘சுதேச மருத்துவம்’ என்பது ஆயுர்வேதம், சித்த மருத்துவம் முதலியவற்றைக் குறிக்கும் அரசு வழக்கு. பூர்வகுடிகளின் உடல்நல ஆய்வைச் ‘சுதேச மருத்துவ ஆய்வு’ என்றால் வாசகர் மூலிகை ஆராய்ச்சி என்றே எடுத்துக்கொள்வார். ‘மண்ணின் மைந்தர்’ வேலைவாய்ப்பு அரசியலில் தோய்ந்த சொல்; பெண்களையும் விட்டுவிடுகிறது.

‘பழங்குடி’க்கு நீண்ட வரலாறு உண்டு. ‘வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று’ என்ற குறளில் (955) அது தொன்றுதொட்டு வரும் நற்குடியைக் குறிக்கிறது. இன்றோ அது இந்திய அரசமைப்பின் பட்டியல் பிரிவுக்கான சட்டச்சொல். நியூசிலாந்தின் மாவோரி மக்களைப் ‘பழங்குடி’ என்றால் இந்த நிர்வாக வகை அவர்கள் மேல் ஏறிக்கொள்ளும். தோடரையும் இருளரையும் பற்றி எழுத அதை வைத்துக்கொள்வதே நல்லது. ‘பூர்வகுடி’யில் முன்பாதி வடசொல். தனித்தமிழ் வேண்டுவோர் ‘தொல்குடி’ எனலாம், குறையில்லை. ‘முதற்குடிகள்’ என்பதை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும்: கனடாவில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் என்ற வகையில் இனுயிட், மெட்டி மக்கள் அடங்கமாட்டார்கள். எல்லாவற்றையும்விட மேலான வழி, அந்தந்த மக்கள் தங்களை அழைக்கும் பெயரை எழுதுவது. ஆஸ்திரேலியா என்றால் ‘அபாரிஜினல் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்கள்’. ‘அபாரிஜின்’ என்ற பழைய வடிவத்தை அங்கு இழிவாகக் கருதுகிறார்கள். தமிழிலும் அதை விட்டுவிட வேண்டும்.

தலைமை என்பதன் முழுப் பொருளும் தமிழில் ஒரு வேற்றுமை உருபில் தெரிந்துவிடும். பூர்வகுடிகளை ஆராய்ந்தார்கள், பூர்வகுடிகளோடு ஆராய்ந்தார்கள், பூர்வகுடிகளால் ஆராயப்பட்டது. முதலாவதில் நேர்ந்த கேட்டுக்கு அரிசோனாவின் ஹவசுப்பாய் மக்கள் சான்று. 1990களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தின் சொற்கள் பொதுப்படையாக இருந்தன. அந்த மாதிரிகளே மனச்சிதைவு, உறவுக்குள் மணம், மக்கள் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. தாங்கள் தோன்றியது தாங்கள் வாழும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில்தான் என்ற அவர்களின் நம்பிக்கைக்கு எதிரான கட்டுரைகள் அவர்கள் இரத்தத்தை வைத்தே வெளிவந்தன. 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டு மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. மாதிரிகளின் மறுபயன்பாட்டை முடிவுசெய்யும் இடத்தில் அந்த மக்கள் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

அபாரிஜினல் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் பற்றிய ஆய்வுகளுக்கான ஆஸ்திரேலியாவின் அயாட்சிஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையின் நான்கு கொள்கைகளில் பூர்வகுடித் தலைமையும் ஒன்று. வெளியீட்டில் இது முதலில் இடறுவது ஆசிரியர் பட்டியலில். (தமிழில் எழுதியவருக்கும் இதழை நடத்துபவருக்கும் ‘ஆசிரியர்’ என்ற ஒரே சொல் இருப்பதால், ‘கட்டுரையாசிரியர்’, ‘இதழாசிரியர்’ என்று பிரித்தெழுத வேண்டும். இரு இடத்திலும் தலைமை வேண்டும் என்பதே கோரிக்கை.) மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கட்டுரையாசிரியருக்கு வைக்கும் நிபந்தனைகள் நான்கு: ஆய்வில் கணிசமான பங்கு, வரைவை எழுதுதல் அல்லது ஆழ்ந்து திருத்துதல், இறுதி வடிவுக்கு ஒப்புதல், பொறுப்பேற்றல். ஊர்ப் பெரியவர்களும் சமூக நலப் பணியாளர்களும் முதலாவதை நிறைவேற்றி இரண்டாவதில் விடுபடுகிறார்கள். ஆங்கில வரைவு அவர்களிடம் போவதே இல்லை. பிறகு நன்றியுரையில் ஒரு வரி. ஆனால் முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எவருக்கும் மற்றவற்றில் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஆகவே வரைவை அவர்கள் மொழியில் வாய்விட்டுப் படித்துக்காட்டி, சொன்ன திருத்தங்களைத் தேதியோடு குறித்து, வரைவில் ஏற்றுவதே சரியான முறை. இதற்கான நாட்களைத் தொடக்கத்திலேயே கால அட்டவணையில் ஒதுக்காத குழுக்கள் கடைசி வாரத்தில் இதைத் தவிர்த்துவிடுகின்றன.

அடுத்தது அறிக்கை முறை. பூர்வகுடி உடல்நல ஆய்வை எழுதும்போது எவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று சொல்லும், 2019இல் வெளியான ‘கன்சிடர்’ அறிக்கை 8 பிரிவுகளில் 17 குறிப்புகளைக் கேட்கிறது. ஆய்வின் நிர்வாகம், முன்னுரிமை, உறவுகள் தொடங்கி முடிவுகளைப் பரப்புவது வரை. ஆய்வு முடிந்தபின் இதை நிரப்ப உட்கார்ந்தால் ‘முன்னுரிமையை யார் முடிவுசெய்தது’ என்ற இடத்தில் எழுத ஒன்றும் இருக்காது. திட்ட வரைவு நாளிலேயே கையில் வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல் இது.

வெளியிடும் முன் கட்டுரையைத் துறையினர் எடைபோடும் மதிப்பாய்வு இன்னொரு இடர். பூர்வகுடி மதிப்பாய்வாளர்கள் சிலரே; எல்லா இதழ்களும் அவர்களையே கேட்பதால் ஊதியமில்லாத சுமை அவர்கள் மேல் குவிகிறது. இதழாசிரியர் குழுவிலேயே அவர்கள் அமர்ந்தால்தான் எந்தக் கட்டுரை மதிப்பாய்வுக்கே போகக்கூடாது என்பதையும் சொல்ல முடியும். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி உடல்நலத்துக்காக இயங்கும் லோவிட்ஜா நிறுவனம் 2023இல் தனக்கென ஆய்விதழைத் தொடங்கியதன் மதிப்பு இங்கே இருக்கிறது.

கடைசியாக, தரவு பற்றிய குறிப்பு. ‘தக்க கோரிக்கையின் பேரில் தரவு வழங்கப்படும்’ என்ற வழக்கமான வரி, கோரிக்கை தக்கதா என்று முடிவுசெய்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை. நடைமுறையில் அது தொடர்புக்குரிய கட்டுரையாசிரியரின் மின்னஞ்சலில் போய் நிற்கும். பூர்வகுடித் தரவைக் கையாள்வதற்கென 2019இல் வெளியான ‘கேர்’ கொள்கைகள் கூட்டுப் பயன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் என நான்கை முன்வைக்கின்றன. அதன்படி அந்த வரியில் சமூகத்தின் எந்த அமைப்பு அனுமதி தரும், எந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், அனுமதியை எப்படித் திரும்பப் பெறலாம் என்ற மூன்றும் இடம்பெற வேண்டும்.