‘தொழில்’ என்ற கட்டத்தில் எழுதப்படாத வயல்

ஆய்வுகூடத்துக்கு வரும் ஒவ்வொரு இரத்தப் போத்தலோடும் ஒரு படிவம் வரும். அதில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மட்டக்களப்பில் நுண்ணுயிரியல் வைத்தியராகவும் ஆய்வாளராகவும் இருந்த காலம் முழுக்க நான் அதிகம் மல்லுக்கட்டியது அந்தக் கட்டத்தோடுதான். ஆசிரியர், கடை முதலாளி, கிளாக், டிரைவர் என்று எழுதியிருக்கும். வாட்டுக்குப் போய்க் கட்டிலடியில் நின்று, “வயலுக்குப் போறீங்களா?” என்று கேட்டால் கதை வேறாக வரும். உன்னிச்சைப் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கும், இல்லாவிட்டால் மச்சானோடு கூட்டாக வெல்லாவெளியில் ஒரு துண்டு இருக்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இதே கதைதான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் உத்தியோகமும், மேற்கே படுவான்கரையில் வயலும் என்று வாழ்கிற ஊரில் வயலை யாரும் தொழில் என்று சொல்வதில்லை.

“நான் வயல் செய்யிறல்ல மகள், பாக்கத்தான் போற. வக்கடை உடைச்சிப் போட்டு எண்டு கட்டுறதுக்கு இறங்கின, அவ்வளவுதான்” என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் பாய விடும் வாய். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வெளுத்துப் போய் இருந்தது. நெடுநாள் சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர்; காலில் உணர்வு குறைந்திருந்ததால் புண் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய இரத்தத்தில் வளர்ந்தது பர்க்கோல்டேரியா சூடோமல்லேய் என்ற கிருமி. அது உண்டாக்கும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர்.

நாங்கள் மருத்துவம் படித்த காலத்தில் இது தாய்லாந்துக்கும் வட அவுஸ்திரேலியாவுக்கும் உரிய நோய் என்று ஒரு பந்தியில் முடிந்துவிடும். உண்மையில் இலங்கையில் முதல் நோயாளி பற்றிய பதிவு 1927ஆம் ஆண்டே வந்துவிட்டது. அவர் ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகர். அதற்கும் முன்னால், 1911இல் ரங்கூன் வைத்தியசாலையில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும்தான் இந்தக் கிருமியை முதலில் அடையாளம் கண்டார்கள். நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்றும் ஒரு பெயர் நின்றது. கிருஷ்ணசுவாமியின் பெயர் அப்படி நிற்கவில்லை. ஆய்வுகூடங்களில் இப்படி நடப்பது அப்போதும் புதிதில்லை, இப்போதும் புதிதில்லை.

கிருமி குடியிருப்பது மண்ணிலும் தேங்கிய நீரிலும். வரட்சியான காலத்தில் நிலத்தின் அடியில் கிடக்கும், மழை விழுந்து மண் ஊறினால் மேலே வரும். வடகீழ்ப் பருவமழையும் பெரும்போக வேலையும் எங்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. வரம்பு கட்டுவதும் விதைப்பதும் பசளை எறிவதும் வெறுங்காலோடு, அந்த ஈரத்தில்தான். உடம்புக்குள் போக மூன்று வழிகள் உண்டு: தோலில் உள்ள கீறல் அல்லது புண், கடும் மழைக் காற்றில் பறக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பது, சுத்தம் செய்யாத தண்ணீரைக் குடிப்பது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்குப் போன நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் கொடுத்து ஒதுக்கிவைத்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். அது தேவையே இல்லை.

வயலில் இறங்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. நல்ல சுகதேகியின் உடம்பு பெரும்பாலும் கிருமியைச் சமாளித்துவிடும். நீரிழிவு உள்ளவரின் வெள்ளை அணுக்கள்தான் இந்தச் சண்டையில் தோற்றுப்போகின்றன. உலகெங்கும் இந்த நோயாளிகளில் பெரும் பங்கினர் சீனி வருத்தக்காரர். சிறுநீரக நோய், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், அளவுக்கு மிஞ்சிய குடி ஆகியவையும் சேர்ந்தால் ஆபத்து ஏறும். எங்கள் பகுதியில் நீரிழிவு எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதை எந்தக் கிளினிக் வரிசையிலும் போய்ப் பார்க்கலாம்.

தொல்லை என்னவென்றால், இதற்கென்று தனி முகம் கிடையாது. நியுமோனியாவாக வரும். மாதக்கணக்கில் இருமி மெலிந்து காசநோய் போலவும் வரும். ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக இருக்கும், மூட்டு வீங்கும். ஒரே நாளில் இரத்தம் முழுக்கப் பரவி ஆளை விழுத்தியும் விடும். கிருமி புகுந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வருவதுதான் வழக்கம். ஆனால் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும்புவதும் உண்டு. அதே மழைக்காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஊரில் நிற்பதால் மூன்றாவதாக ஒன்றை நினைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்னொன்று: எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக வாரம் ஒருமுறை சுகாதாரப் பகுதி தருகிற டொக்சிசைக்ளினைப் போட்டுவிட்டால் இதுவும் வராது என்று எண்ண வேண்டாம்.

இனி ஆய்வுகூட மேசைக்கு வருகிறேன். கிருமியை வளர்க்கும் பிளேட்டில் முதல் நாள் இந்தக் கிருமியைப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அவசரக்காரர் ‘ஏதோ சூடோமோனாஸ்’ என்று எழுதுவார், இல்லாவிட்டால் ‘வெளியிலிருந்து கலந்த கிருமி’ என்று குப்பையில் போடுவார். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் அந்தப் புள்ளிகள் காய்ந்து, காய்ந்த முந்திரிகைப் பழத்தின் தோல்போல் சுருங்கி வரும். தானியங்கி இயந்திரங்களும் சில வேளை இதன் ஒன்றுவிட்ட சகோதரனின் பெயரைச் சொல்லிவிடுகின்றன. நாங்கள் நம்புவது பிளேட்டில் வைக்கும் மூன்று மருந்து வில்லைகளை: ஜென்டமைசின், கொலிஸ்டின், கோ-அமொக்சிக்ளாவ். பொதுவாக, முதல் இரண்டின் ஓரம்வரை கிருமி தைரியமாக வளர்ந்திருக்கும். மூன்றாவதைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழும். இப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே வாட்டுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், ரிப்போட் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது. இதற்கு மண் மணம் உண்டு என்று சொல்வார்கள். பிளேட்டைத் திறந்து மணந்து பார்ப்பது எங்கள் துறையில் பழைய பழக்கம். புதிதாக வரும் தொழில்நுட்பவியலாளர்களிடம் நான் முதலில் ஒழிக்கச் சொல்வது அதைத்தான், ஏனென்றால் மூக்கு வழியாகவும் இது உள்ளே போகும்.

தொலைபேசி எடுப்பதில் ஏன் அவசரம்? வழமையாகத் தொடங்கும் பல மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. பெனிசிலின், அம்பிசிலின், ஜென்டமைசின் ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை என்று நாட்கள் போகும். வேண்டியது செப்டசிடிம் அல்லது மெரோபெனம், நரம்பு வழியாக, குறைந்தது பத்துப் பதினான்கு நாள். நேரத்தோடு பிடித்து, தீவிர சிகிச்சை வசதியோடு பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இரண்டு இடங்களை ஒப்பிடலாம். வடகிழக்குத் தாய்லாந்தில் நூறு பேரில் நாற்பது பேர்வரை இறந்தார்கள். வட அவுஸ்திரேலியாவில் அது பத்தளவுக்கு இறங்கியது. உலகில் ஆண்டுக்கு 165,000 பேருக்கு வந்து 89,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. அதில் கிருமி உறுதிசெய்யப்பட்டவர்கள் சிறு பங்குதான். மற்றவர்கள் வேறு ஏதோ நோயின் கணக்கில் போய்விடுகிறார்கள்.

அதனால்தான் இளம் டொக்டர்மாரிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சீனியும் வயலும் ஒன்றாக இருக்கும் காய்ச்சல்காரருக்கு, முதல் ஊசிக்கு முன்னால் இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தொண்டை, சிறுநீர், சீழ் இருந்தால் அதுவும். இது உடம்பில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி அல்ல என்பதால், தொண்டையில் மட்டும் வளர்ந்தாலும் நோய் நோய்தான். நோயாளிகளிடம் கேட்பது அதைவிடச் சின்னது. யாரும் கேட்காவிட்டாலும், “எனக்குச் சீனி இருக்கு, போன மாதம் வயலில் இறங்கினேன்” என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி இன்னும் வரவில்லை. பூட்ஸ் போடுங்கள் என்று எழுதுவது எனக்கு லேசு. முழங்கால் சேற்றில் பூட்ஸோடு நடந்து பார்த்தால் அடுத்த அடியில் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும் வரும். ஆகவே நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். சீனி வருத்தம் உள்ளவர், காலில் புண்ணும் இருந்தால், அந்தக் கிழமை வக்கடை கட்ட வேறு யாரையாவது அனுப்பட்டும். வரம்பில் நடக்கும்போதும் பசளை எறியும்போதும் பூட்ஸ் போடலாம். வாய்க்காலில் கால் கழுவியதைக் கழுவியதாகக் கணக்கெடுக்காமல் வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும். வெள்ளம் ஏறிய கிணற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) சொல்லிக் குளோரின் போடுவியுங்கள். அதுவரையும், அதற்குப் பிறகும், கொதித்தாறிய நீரே குடியுங்கள்.

நோய் வந்து மாறி வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. கையில் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை தருவோம். ஆளின் நிறையைப் பொறுத்து ஒரு நேரத்துக்கு மூன்று அல்லது நான்கு, நாளுக்கு இரண்டு நேரம், குறைந்தது மூன்று மாதம். பொதியைப் பார்த்ததும் பலருக்கு முகம் மாறும். இதில் சல்பா சேர்ந்திருப்பதால், சல்பா மருந்துக்கு முன்பு அலர்ஜி வந்திருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். குடிக்கும்போது தோலில் சொறி, வாயில் புண் வந்தால் உடனே திரும்பி வர வேண்டும். நோய் திரும்பி வந்த பலரிடம் விசாரித்தால், காய்ச்சலும் போய்ச் சாப்பாடும் பிடித்ததும் இரண்டாம் மாதத்திலேயே குளிசையை நிறுத்தியிருப்பார்கள். மீதிக் குளிசை சாமித்தட்டில் பத்திரமாக இருக்கும்.