காரோ-கான் தெரிந்த பிள்ளை ஆறே நகர்வில் தோற்பது ஏன்?

"சேர், மகனுக்குக் காரோ-கான் முழுக்கத் தெரியும்." சதுரங்கப் போட்டி நாளில் மண்டப வாசலில் பெற்றோர் இப்படிச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். யூரியூப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கும் பிள்ளைகள் கல்லடியிலும் இருக்கிறார்கள், களுவாஞ்சிகுடியிலும் இருக்கிறார்கள்.

காரோ-கான் என்பது கறுப்புக் காய்களோடு ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை, நல்ல தடுப்பாட்டம். வெள்ளை தன் சிப்பாயை இ4 கட்டத்துக்கு ஆடினால் கறுப்பு சி6 கட்டத்துக்கு ஆடி, அடுத்து டி5இல் சிப்பாயை வைத்து நடுப்பகுதியைக் கேட்கிறது. அமைப்பு உறுதியானது என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் இதையே காட்டிக் கொடுக்கிறோம்.

மட்டக்களப்பில் 12 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றில் நான் பார்த்த ஆட்டம் இது. இ4 சிப்பாயைக் கறுப்பு வெட்ட, வெள்ளைக் குதிரை அதைத் திருப்பி வெட்டி இ4இல் நின்றது. கறுப்பு ஒரு குதிரையை டி7இல் வைத்தது. எல்லாம் பாடத்தில் உள்ளபடிதான். ஐந்தாவது நகர்வில் வெள்ளை ராணி இ2க்கு வந்தது. பாடத்தில் அது இல்லை. கறுப்பு ஆடிய பிள்ளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பழகியபடி மற்றக் குதிரையை எஃப்6இல் வைத்தது. வெள்ளைக் குதிரை டி6க்குப் பாய்ந்தது. மேட்! ராசாவுக்குத் தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது. இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, நகர்ந்தால் ராசா ராணிக்கு நேரே அகப்படும். மணிக்கூட்டில் நேரம் அப்படியே கிடந்தது. டி7 குதிரையையே எஃப்6க்கு எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. இதே பொறியில் 1935இல் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் உலக சம்பியன் அலெக்கைனிடம் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள்.

உலக சம்பியன் கஸ்பரோவ் மட்டும் தப்பினாரா? 1997 மே மாதம் டீப் புளூ கணினியுடனான கடைசி ஆட்டத்தில் இதே காரோ-கானில் மந்திரியை டி6க்கு எடுக்க முதல் எச்6 சிப்பாயைத் தள்ளினார். கணினி இ6இல் குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்வுகளில் கஸ்பரோவ் தோற்றார். அவருக்குத் தெரியாத நகர்வா? வரிசைதான் மாறிப்போனது.

அதனால் வீட்டில் பிள்ளையிடம் நகர்வுகளை ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். பலகையை வைத்து, பாடத்தில் இல்லாத ஒரு நகர்வை நீங்கள் ஆடுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உண்மையில் அதுதான் நல்லது. "இப்ப நான் எதைக் குறிவைக்கிறன்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்த பிறகு காயைத் தொடட்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் காரோ-கானை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, இ4க்கு இ5 ஆடப் பழக்குங்கள்.